மூத்த பேட்டர் ஓய்வு பெறும் நேரமா? பேஸ்பால் சாவண்ட் தளம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

2017 சீசனில் அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் ஏஞ்சல்ஸ் அணிக்காக 23 ஹோம் ரன் (எல்லையைத் தாண்டும் அடி), 101 ஆர்.பி.ஐ. (அவருடைய அடியால் அணிக்கு வந்த ரன்கள்) எடுத்தார். அப்போது அவருக்கு 37 வயது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தவர்கள், மனிதர் இன்னும் அசையவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். அதே சீசனில் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது அடித்துப் பேஸைப் பிடித்த விகிதம், .241. எந்த வழியிலாவது பேஸுக்கு (ஓடிப் பிடிக்க வேண்டிய நிலை) போய்ச் சேர்ந்த விகிதம் .286. அவருக்கு முன்னால் ஆடிய மைக் ட்ரவுட்டின் விகிதம் அந்த ஆண்டு .442. பேஸில் எப்போதும் ஆள் நின்றுகொண்டிருந்தால் தரையோடு உருளும் ஒற்றை அடிக்கும் ரன் வந்துவிடும். ஆர்.பி.ஐ. பாதிக்கு மேல் முன்னால் ஆடுகிறவர்களின் கணக்கு. ஒரு மூத்த நட்சத்திரம் விலக வேண்டிய நேரமா என்று அதை வைத்து முடிவு சொன்னால் தவறாகத்தான் முடியும்.

சரி, எதை வைத்துச் சொல்வது? அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே நடத்தும் பேஸ்பால் சாவண்ட் என்ற இணையச் சேவை இதற்குப் பொருத்தமான கருவி. இலவசம். பதிவு செய்யவும் தேவையில்லை. 30 மைதானங்களிலும் 2015 முதல் ஓடும் ஸ்டாட்காஸ்ட் அளவீடுகள் எல்லாம் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. 2020 முதல் ஒவ்வொரு மைதானத்திலும் 12 ஹாக்-ஐ கேமராக்கள். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம், கிளம்பும் கோணம், ஓட்ட வேகம், மட்டை சுழலும் வேகம் வரை அளக்கிறார்கள். இந்தச் சேவையை ஒரே ஒரு கேள்விக்காக மட்டும் இங்கே சோதித்துப் பார்க்கிறோம்: வயதான நட்சத்திரத்தின் தேய்மானத்தை இது நேரத்தோடு காட்டிக்கொடுக்கிறதா?

பேட்டர் விஷயத்தில் காட்டுகிறது, சராசரி சரிவதற்கு முன்பே கூட. ஆனால் முகப்பில் கண்ணைப் பறிக்கும் வண்ணப் பட்டைகளில் அது தெரியாது. உள்ளே போய்த் தோண்ட வேண்டும்.

மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆட்டக்காரர் பெயரைத் தட்டினால் அவருடைய பக்கம் திறக்கும். முதலில் வருபவை பெர்சன்டைல் பட்டைகள். லீக்கில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு 1 முதல் 100 வரை இடம் கொடுப்பார்கள். நல்லது சிவப்பு, மோசம் நீலம். நம் ஊர் வழக்கப்படி சிவப்பை ஆபத்து என்று படித்துவிடாதீர்கள், இங்கே தலைகீழ். பலர் இந்தப் பட்டைகளைப் பார்த்துவிட்டே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மூத்தவர்கள் விஷயத்தில் அது இரண்டு காரணத்துக்காகத் தவறு.

ஒன்று, பட்டைக்குத் தகுதி வரம்பு இருக்கிறது. அணி ஆடும் ஒரு ஆட்டத்துக்கு 2.1 பேட்டிங் வாய்ப்பு என்ற வீதம். 162 ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 340. முழங்காலோ முதுகோ பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்த 37 வயதுக்காரர் இந்த வரம்பைத் தாண்டுவதே கஷ்டம். யாரைப் பற்றிக் கேள்வி கேட்கிறோமோ அவர்களுக்குத்தான் பட்டை அடிக்கடி கிடைக்காமல் போகிறது. இரண்டு, பெர்சன்டைல் என்பது மற்றவர்களோடு ஒப்பீடு. ஓய்வுக் கேள்விக்கு வேண்டியது அதே ஆளை மூன்று வருடத்துக்கு முந்தைய அவரோடு ஒப்பிடுவது.

லூயிஸ் அரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மட்டை வேகம் லீக்கிலேயே மிக மெதுவானவற்றில் ஒன்று. பட்டை கரு நீலமாக இருக்கும். ஆனாலும் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் பேட்டிங் சாம்பியன், அதுவும் மூன்று வேறு அணிகளில். மெதுவான மட்டை அவருடைய இயல்பு, பந்தைத் தொடும் திறமையில் பிழைக்கிறவர். அதே வேகம் ஒரு ஹோம் ரன் அடிப்பவருக்கு வந்தால் வேலை முடிந்தது என்று பொருள்.

ஆகவே பட்டைகளைத் தாண்டிக் கீழே இறங்குங்கள். ஆண்டுவாரி அட்டவணை வரும். முதலில் பார்க்க வேண்டியது சராசரி வெளியேறு வேகம் (பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம்) அல்ல, 'ஈ.வி.50' என்ற அளவு. அவர் அடித்ததில் பலமாக அடித்த பாதிப் பந்துகளின் சராசரி வேகம் அது. மட்டையின் நுனியிலோ கைப்பிடிப் பக்கமோ பட்டு நொண்டிக்கொண்டு போகும் பந்துகள் சராசரியைக் கெடுத்துவிடும், ஈ.வி.50-ல் அவை இல்லை. உடம்பில் பலம் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரான பதில் அந்த அளவு. அடுத்ததாக, ஹார்ட்-ஹிட் சதவீதம், அதாவது மணிக்கு 95 மைலுக்கு மேல் கிளம்பிய அடிகளின் பங்கு. மூன்றாவது பேரல் சதவீதம்: வேகமும் கோணமும் சேர்ந்து வந்த அடி. வேகம் குறைந்தபட்சம் 98 மைல், அந்த வேகத்தில் கோணம் 26 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேகம் கூடக் கூட அனுமதிக்கும் கோணமும் அகலமாகும்.

இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்பதுதான் நோய்க்குறி. ஈ.வி.50 அப்படியே இருக்கிறது, பேரல் மட்டும் விழுந்திருக்கிறது என்றால் பலம் போகவில்லை, பந்தைச் சந்திக்கும் நேரம் பிசகுகிறது. பயிற்சியாளரால் சரி செய்யக்கூடிய கோளாறு. மூன்றும் சேர்ந்து இரண்டு சீசன் தொடர்ச்சியாக இறங்கினால் அது வேறு கதை.

ஜோயி வாட்டோ இதற்கு நல்ல உதாரணம். 2020-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அவரைச் சில ஆட்டங்கள் உட்கார வைத்தது. வயது 36, காலம் முடிந்தது என்ற பேச்சு ஊரெல்லாம். அவர் நிற்கும் நிலையையே மாற்றினார். குனிந்து நின்று பந்தைத் தொட்டுத் தள்ளும் பழைய பாணியை விட்டு நிமிர்ந்து நின்றார். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது) கூடினாலும் பரவாயில்லை என்று பலமாக அடிக்க ஆரம்பித்தார். 2021-ல் 37 வயதில் 36 ஹோம் ரன், அதில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் ஹோம் ரன். அவர் பக்கத்தில் அந்த இரண்டு வருட வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வெளியேறு வேகம் மேலே ஏறுவது அப்பட்டமாகத் தெரியும். 2022-ல் தோள்பட்டை அறுவை சிகிச்சை, 2023-ல் சராசரி .202, 2024 ஆகஸ்டில் கீழ்மட்டமான மைனர் லீக்கில் இருந்தபடியே ஓய்வு. ஓய்வு என்ற முடிவு 2020-ல் எடுக்கப்பட்டிருந்தால் பேஸ்பால் ஒரு அபாரமான சீசனை இழந்திருக்கும்.

இனி இந்தச் சேவையின் உண்மையான பொக்கிஷம்: ஸ்டாட்காஸ்ட் தேடல் பக்கம். பார்க்க மிரட்டும். ஐம்பது அறுபது கட்டங்கள், அத்தனையும் ஆங்கிலம். ஆனால் மூத்த பேட்டருக்குத் தேவை ஆறேழு கட்டங்கள்தான்.

ஏன் இது முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். மணிக்கு 95 மைல் வேகப் பந்து பிட்சர் (பந்து வீசுபவர்) கையை விட்டு, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வர சுமார் 0.4 விநாடி. அதில் பார்ப்பது, முடிவெடுப்பது, மட்டையைக் கொண்டுவருவது மூன்றும் நடக்க வேண்டும். வயதாகும்போது மட்டை கொஞ்சம் மெதுவாகிறது. ஆட்டக்காரர் அதை உணர்ந்து, முன்கூட்டியே முடிவெடுத்து ஸ்விங்கை ஆரம்பிக்கிறார். வேகப் பந்து வந்தால் பிழைத்தார். ஸ்லைடரோ (வளைந்து விழும் சுழல் பந்து) சேஞ்ச்-அப்போ (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) வந்தால் மாட்டிக்கொள்கிறார். மட்டையை நிறுத்த முடியாது, பந்து கீழே குழிந்துவிடும். அதனால் கிழட்டுத்தனம் முதலில் வேகப் பந்து கணக்கில் தெரியாமல், சுழல் பந்துக்கு வீணாக ஆடும் கணக்கில் தெரியலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதைச் சாதாரண ஸ்கோர்கார்டு எந்தக் காலத்திலும் காட்டியதில்லை.

செய்முறை இதுதான். ஆட்டக்காரர் வகை என்ற இடத்தில் பேட்டர் என்று வையுங்கள். பெயரைச் சேருங்கள். சீசனில் கடைசி நான்கு ஆண்டுகளை டிக் செய்யுங்கள். பந்து வகையில் ஃபோர்-சீமும் சிங்கரும், இரண்டும் வேகப் பந்து வகைகள். அளவீட்டு வரம்பு என்ற கட்டத்தில் பந்து வேகத்தைத் தேர்ந்து, குறைந்தபட்சம் 95 என்று கொடுங்கள். தொகுக்கும் முறையை 'ஆட்டக்காரர், ஆண்டு' என்று மாற்றுங்கள். இதை மறந்தால் நான்கு வருடமும் ஒரே வரியில் கலந்து வந்து ஒன்றும் புரியாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. கூடுதல் பத்திகளில் எக்ஸ்-வோபாவையும் விஃப் சதவீதத்தையும் சேர்த்துத் தேடலை அழுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு வரி கிடைக்கும். எக்ஸ்-வோபா என்பது அடித்த பந்தின் வேகம், கோணம், ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகப் பேஸ் கிடைப்பது) எல்லாம் வைத்து 'கிடைத்திருக்க வேண்டிய' மதிப்பு, அதிர்ஷ்டம் கழிக்கப்பட்டது. விஃப் என்பது ஸ்விங் செய்து காற்றை மட்டும் அடித்த விகிதம்.

பிறகு அதே தேடலில் வேக வரம்பை எடுத்துவிட்டு, பந்து வகையை ஸ்லைடர், ஸ்வீப்பர், கர்வ் என்ற வளையும் பந்துகளாக மாற்றி, ஸ்ட்ரைக் பரப்புக்கு (பேட்டர் முன்னால் சரியான பந்து வர வேண்டிய பரப்பு) வெளியே வந்த பந்துகளை மட்டும் எடுங்கள். எத்தனைக்கு மட்டையைத் தூக்கினார் என்று பாருங்கள். வேகத்துக்கு விஃப் கூடுவதும், வெளிச் சுழலுக்கு ஆடுவது கூடுவதும் ஒரே சீசனில் சேர்ந்து வந்தால், அதுதான் மேலே சொன்ன 'முன்கூட்டியே ஆரம்பிக்கும்' கோளாறு.

ஒரு எச்சரிக்கை. லீக்கில் 95 மைலுக்கு மேல் வீசுபவர்கள் 2015-ல் இருந்ததைவிட இப்போது நிறைய. எல்லா பேட்டருக்குமே இந்தக் கணக்கு கடினமாகிவிட்டது. எனவே பெயரை எடுத்துவிட்டு லீக் முழுமைக்கும் அதே தேடலை ஒருமுறை ஓட்டி, பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

எண்களோடு நிறுத்தாமல் காணொளிக்குப் போகலாம் என்பது இந்தச் சேவையின் பெரிய பலம். தேடல் முடிவில் ஒரு வரியைத் திறந்தால் பந்து பந்தாகப் பட்டியல் வரும். பக்கத்தில் காணொளிக் குறி. இதில் ஃபவுல் பந்துகளை (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போன அடிகள்) மட்டும் வடிகட்டிப் பாருங்கள். வலக்கை பேட்டர் வேகப் பந்தை நேராகத் தன் பின்னால் உள்ள வலைக்கு ஃபவுல் அடித்தால் அவருடைய நேரம் சரியாக இருக்கிறது, மட்டை ஒரு நூல் கீழே போய்விட்டது, அவ்வளவுதான். அதே பந்து மீண்டும் மீண்டும் வலப்பக்கம், முதல் பேஸ் பக்கத்து இருக்கைகளுக்குப் போனால் மட்டை தாமதம். முன்காலைக் கவனியுங்கள். பந்து பாதி தூரம் வரும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாமல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், அல்லது சீக்கிரம் ஊன்றி இடுப்பு முன்னதாகத் திறந்துவிட்டால், மட்டை பந்தைத் துரத்திக்கொண்டு போகும். இருபது ஃபவுல்களில் பதினைந்து தாமதப் பக்கம் என்றால் எண் எதுவும் தேவையில்லை. அரை மணி நேர வேலை. இந்தத் தளத்தில் செலவிடும் மிகப் பயனுள்ள அரை மணி நேரம்.

மட்டை வேகப் பட்டியல் 2024 மே மாதம் பொதுவெளிக்கு வந்தது. மட்டையின் தலையிலிருந்து சுமார் ஆறு அங்குலம் உள்ளே இருக்கும் புள்ளியின் வேகத்தை அளக்கிறார்கள். லீக் சராசரி 72 மைலை ஒட்டி. 75-க்கு மேல் போனால் 'வேக ஸ்விங்'. வயதுக் கேள்விக்கு இதைவிட நேரடியான அளவு கிடையாது. ஆனால் தரவு 2023 பிற்பாதியிலிருந்துதான் இருக்கிறது. பத்து வருடச் சரிவை வரைந்து காட்ட இன்னும் காலம் ஆகும். சராசரியை மட்டும் பார்க்காமல் வேக ஸ்விங் சதவீதத்தைப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு மட்டையைச் சுருக்கிப் பிடித்து மெதுவாக ஆடுவது பலருடைய உத்தி. அப்படி ஆடுவது கூடினால் சராசரி இறங்கும், பலம் இறங்கியிருக்காது.

இதே பட்டியல்தான் சேவையின் எல்லையையும் காட்டுகிறது. 2024-ல் லீக்கிலேயே வேகமான மட்டை ஜியான்கார்லோ ஸ்டான்டனுடையது, சராசரி 81 மைல். வயது 34. ஓட்ட வேகத்தில் அவர் கடைசி வரிசை. அந்த ஆண்டின் இறுதிச்சுற்றுப் போட்டிகளில் 7 ஹோம் ரன் அடித்தார். பட்டையை மட்டும் பார்த்தால் இன்னும் ஐந்து வருடம் ஆடுவார் போலிருந்தது. 2025 ஆரம்பத்தில் இரண்டு முழங்கைகளிலும் தசைநார்க் கோளாறு. ஜூன் நடுவில்தான் களமிறங்க முடிந்தது. வந்து 77 ஆட்டத்தில் 24 ஹோம் ரன் அடித்தார் என்பது அவருடைய மகத்துவம். ஆனால் அந்த முழங்கைகளைப் பற்றித் தளத்தில் ஒரு எழுத்து கூட இருக்க முடியாது. கேமரா மட்டையைப் பார்க்கும், வலியைப் பார்க்காது.

டேவிட் ஓர்டிஸ் கதை இன்னும் கூர்மையானது. 2016-ல் 40 வயதில் .315 சராசரி, 38 ஹோம் ரன், 48 டபுள் (இரண்டாம் பேஸ் வரை போக வைத்த அடி), 127 ஆர்.பி.ஐ. பேஸுக்குப் போகும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டிய ஓ.பி.எஸ். கணக்கில் லீக்கிலேயே முதலிடம். அந்த வருட அவருடைய பக்கத்தைத் திறந்து, இவர் ஓய்வு பெற வேண்டுமா என்று கேட்டால் எந்தக் கணக்கும் 'வேண்டாம்' என்றுதான் சொல்லும். அவரோ முந்தைய நவம்பரிலேயே, தன் 40-வது பிறந்த நாளன்று, இதுதான் கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டார். பாதங்களும் குதிகால் தசைநாரும் தாங்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்தக் கால்களைத் தயார்ப்படுத்துவதே பெரும்பாடு. அவருடைய முடிவு சரி. மட்டை நன்றாக இருக்கிறதே என்று இழுத்துப் பிடித்திருந்தால் கால்கள் மட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஸ்விங்கின் பலம் தரையிலிருந்துதான் ஏறி வருகிறது.

தலைகீழ்த் தவறும் உண்டு. 2017-ல் மிகேல் கப்ரேராவின் சராசரி .249, ஹோம் ரன் 16. ஆனால் எக்ஸ்-வோபா அவருடைய உண்மையான எண்ணைவிட நிறைய மேலே நின்றது. அதிர்ஷ்டம்தான் கைவிட்டது, அடுத்த வருடம் திரும்பிவிடுவார் என்று அதை நம்பியவர்கள் எழுதினார்கள். அந்த செப்டம்பரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகில் இரண்டு தட்டுகள் பிதுங்கியிருப்பது தெரிந்தது. 2018-ல் 38 ஆட்டத்தோடு கையின் தசைநார் அறுந்தது. அதன் பிறகு 2023 வரை எந்த சீசனிலும் அவர் 20 ஹோம் ரன்னைத் தொடவில்லை. எக்ஸ்-வோபாவுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது: பந்து எந்தப் பக்கம் போனது என்பது அதில் பெரும்பாலும் கணக்கில் வராது. மெதுவாக ஓடும் கனத்த பேட்டர் நடுத் திசையில் பலமாக அடித்தால், ஆழமாக நிற்கும் ஃபீல்டர் கையில் போய் விழும். எக்ஸ்-வோபா அதற்கும் மதிப்பெண் போடும். 35-ஐத் தாண்டிய, மெதுவான ஆட்டக்காரருக்கு எக்ஸ்-வோபா உண்மையான எண்ணைவிட மேலே நின்றால், அதை அப்படியே நம்பாமல் ஓட்ட வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஓட்ட வேகம் விநாடிக்கு எத்தனை அடி என்று கொடுப்பார்கள். லீக் சராசரி 27. 30-ஐத் தொட்டால் மின்னல். வயதோடு ஒழுங்காக இறங்குவது இதுதான், மற்ற எண்களைப் போல ஏறி இறங்கி ஏமாற்றாது. ஒரே சீசனில் ஒரு அடி குறைந்தால் வயது என்பதைவிடக் காயம் என்று சந்தேகப்படுவது நல்லது. சென்டர் ஃபீல்டில், நிறைய ஓடிப் பந்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில், நிற்பவருக்கு இது உயிர்நாடி. நியமித்த பேட்டராக, அதாவது ஃபீல்டிங் இல்லாமல் மட்டை மட்டும் பிடிப்பவராக, ஆடுபவருக்கு இது இரண்டாம் பட்சம்.

அங்கேதான் ஓய்வா, வேறு வேலையா என்ற கேள்வி வருகிறது. புஹோல்ஸுக்கே திரும்புவோம். 2021 மே மாதம் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. அதோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2022-ல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கும் நியமித்த பேட்டர் முறைக்கு வந்தது. கார்டினல்ஸ் 25 லட்சம் டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டது. முக்கியமாக இடக்கை பிட்சர்களுக்கு எதிராக இறக்கினார்கள். ஜூலையில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரை சராசரி .215, ஹோம் ரன் 6. அன்றைக்கு யாரைக் கேட்டாலும் போகச் சொல்லியிருப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு .323, ஹோம் ரன் 18. செப்டம்பர் 23 அன்று டாட்ஜர் மைதானத்தில் இடக்கை ஆண்ட்ரூ ஹீனியின் பந்தை அடித்து வாழ்நாள் கணக்கில் 699-ஆவது ஹோம் ரன். அடுத்த இன்னிங்ஸில் வலக்கை ஃபில் பிக்ஃபோர்டின் பந்தை அடித்து 700. மொத்தம் 703-ல் நிறுத்தினார்.

சாவண்டில் அவருடைய ஸ்பிளிட்ஸ் பகுதியைத் திறந்தால், இடக்கை பிட்சர் என்ற வரியும் வலக்கை பிட்சர் என்ற வரியும் இரண்டு வேறு ஆட்டக்காரர்களைப் போல நிற்பதைக் காணலாம். ஓய்வைப் பற்றி யோசிக்கும் முன் பார்த்தே ஆக வேண்டிய வரிகள் அவை. ஒரு பக்கம் மட்டும் உயிரோடு இருந்தால், தினமும் ஆடும் வேலைக்கு அவர் லாயக்கில்லை என்றுதான் பொருள். மட்டையை வைத்துவிட வேண்டும் என்று பொருள் இல்லை. நட்சத்திரமாக இருந்தவர் வாரத்துக்கு மூன்று நாள் ஆட மனதார ஒப்புக்கொள்வாரா என்பதைத்தான் தளம் சொல்லாது.

பிட்சர்களுக்கு இந்தச் சேவை வேறு மாதிரி உதவுகிறது, கொஞ்சம் குறைவாக. நல்ல விஷயம், பந்து வேகத் தரவு 2008 வரை பின்னால் போகிறது. கிளேட்டன் கெர்ஷா 2008-ல் அறிமுகம், 2025-ல் ஓய்வு. அவருடைய மொத்த வாழ்க்கையையும் ஒரே தேடலில் எடுத்துவிடலாம், இந்த வசதி முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காதது. ஆரம்பத்தில் 94 மைலை ஒட்டி இருந்த வேகப் பந்து கடைசியில் 89-ல் நிற்கிறது. லீக் சராசரியோ 94-க்கு மேல் ஏறிவிட்டது. வேகப் பட்டை ஆழ்ந்த நீலம். ஆனாலும் 2025-ல் 11 வெற்றி, 2 தோல்வி, ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது) 3.36. ஜூலை 2 அன்று 3,000-ஆவது ஸ்ட்ரைக் அவுட். வேகத்தை மட்டும் பார்த்து ஓய்வு எழுதியிருந்தால் தவறியிருப்போம். ஜேமி மோயர் 80 மைலை ஒட்டிய பந்தோடு 49 வயதில் 2012-ல் மேஜர் லீக் ஆட்டம் ஜெயித்தார்.

பிட்சருக்குப் பார்க்க வேண்டியது, வேகப் பந்துக்கும் சேஞ்ச்-அப் அல்லது ஸ்லைடருக்கும் இடையிலான வேக இடைவெளி. வேகப் பந்து இறங்கி மற்றவை இறங்காமல் நின்றால் இடைவெளி சுருங்கும். பேட்டருக்கு எல்லாப் பந்தும் ஒரே வேகத்தில் வரும். பிறகு, பந்தைக் கையைவிட்டு விடும் புள்ளி. அது சீசனுக்குள்ளேயே கீழே இறங்கிக்கொண்டு வந்தால் தோளில் ஏதோ இருக்கிறது. 2016-க்கும் 2017-க்கும் நடுவில் வேகத்தில் சிறு துள்ளல் தெரிந்தால் ஏமாற வேண்டாம். 2016 வரை பிட்ச்-எஃப்எக்ஸ் என்ற பழைய கருவியின் அளவு. கையை விடும் இடத்துக்கு ஏற்பத் தோராயமாகத் திருத்திப் போட்டிருக்கிறார்கள். 2017 முதல்தான் நேரடி அளவு.

வெற்றி தோல்விக் கணக்கை பிட்சர் விஷயத்தில் தூரப் போடுங்கள். ஜஸ்டின் வெர்லாண்டர் 2024-ல் ஈ.ஆர்.ஏ. 5.48. 2025-ல் 42 வயதில் 3.85-க்கு வந்தார், ஆனால் கணக்கில் 4 வெற்றி, 11 தோல்வி. அவர் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2021 முழுக்க ஆடவில்லை. 2022-ல் 39 வயதில் 1.75 ஈ.ஆர்.ஏ.-வோடு, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். சாவண்டில் 2021-க்கு வரியே இருக்காது. காலியான வருடத்தை முடிவு என்று படிக்கக் கூடாது.

இந்தச் சேவையில் இல்லாத இன்னொன்று சம்பளம். மேஜர் லீக் ஒப்பந்தம் உத்தரவாதம் உள்ளது. ஆடாவிட்டாலும், அடிபட்டாலும் பணம் வரும். தானாக ஓய்வு பெற்றால் மீதி போய்விடும். பிரின்ஸ் ஃபீல்டர் 2016 ஆகஸ்டில் கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு இனி ஆட முடியாது என்று அறிவித்தார். ஓய்வு என்று கையெழுத்துப் போடவில்லை. மருத்துவக் காரணம் என்பதால் ஒப்பந்தப் பணம் போகவில்லை. பஸ்டர் போஸி 2021-ல் .304 சராசரி, 18 ஹோம் ரன் எடுத்துவிட்டு 34 வயதில், 2 கோடியே 20 லட்சம் டாலர் வரக்கூடிய அடுத்த சீசனை விட்டு நடந்தார். அவர் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்; அந்த உடம்பு எப்படித் தேயும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மூத்தவர் ஏன் இன்னும் ஆடுகிறார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்குச் சம்பள விவரம் தரும் ஸ்போட்ராக் தளத்துக்குத்தான் போக வேண்டும். 2015-க்கு முந்தையவர்களின் அடியை அளக்கவும் சாவண்ட் பயன்படாது. மைக் ஷ்மிட் 1989 மே மாதம் .203-ல் நிற்கும்போது விலகியதையும், கென் கிரிஃபி ஜூனியர் 2010 ஜூனில் .184, ஒரு ஹோம் ரன்னும் இல்லாமல் விலகியதையும் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் பழைய கணக்காகத்தான் படிக்க முடியும்.

கைப்பேசியில் அட்டவணைகள் வலப்பக்கம் வெட்டிப்போகும். படுக்க வைத்துப் பாருங்கள், அல்லது கணினியே மேல். நிறையத் தரவு எடுக்க வேண்டுமானால் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கலாம், ஆனால் பெரிய தேடலில் வரிகள் ஓர் அளவோடு நறுக்கப்படும், எச்சரிக்கை எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒரு பேட்டர் ஒரு சீசனில் சந்திப்பது 2,500 பந்து அளவில்தான். ஆளுக்கு ஒரு வருடம் என்று பிரித்து இறக்கினால் நறுக்குப்படாது. மட்டை வேகப் பத்தி 2023-க்கு முன்னால் வெறுமையாக இருக்கும். அதை எக்ஸெல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டருக்கு ஐந்துக்கு நான்கரை, பிட்சருக்கு மூன்றரை என்று மதிப்பெண் தருவோம். எப்போது பார்க்கிறீர்கள் என்பதிலும் பாதி இருக்கிறது. ஏப்ரலில் பார்க்காதீர்கள். குளிரில் பந்து அவ்வளவு தூரம் போகாது. ஏப்ரல் எண்ணை வைத்து வயதானவரை அனுப்பி வைப்பது அநியாயம். ஐம்பது அடிகளாவது சேரட்டும். பக்கத்தின் நடுவில் உள்ள நகரும் சராசரி வரைபடத்தை 100 வாய்ப்புக்கு மாற்றி, ஜூலை கோட்டையும் செப்டம்பர் கோட்டையும் ஒப்பிடுங்கள். மூத்தவர்களுக்குச் சீசனின் கடைசி ஆறு வாரம்தான் உண்மையைச் சொல்லும். சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்து ஐந்து நாட்களுக்குள், ஒப்பந்தத்தில் விருப்ப ஆண்டு (ஆப்ஷன்) உள்ளவர்களை வைத்துக்கொள்வதா என்ற முடிவுகள் பெரும்பாலும் வந்துவிடும். அதனால் அக்டோபர் முதல் வாரத்திலேயே தேடலை ஓட்டி, நான்கு வருட வரியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.